உக்ரைனுக்கு ஆயுதம் கொடுத்தால் போர் முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபோது எங்கள் தெருவைச் சேர்ந்த பெண் ஒருத்தி கார்கிவில் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். மெட்ரோ சுரங்கத்தில் சில நாள் படுத்திருந்து, ரயிலில் நின்றுகொண்டே லிவிவ் போய், எல்லையை நடந்து கடந்து ஊர் வந்து சேர்ந்தாள். அந்த நாட்களில் தொற்றிக்கொண்ட பழக்கம், இன்றைக்கும் போர்முனை வரைபடத்தைப் பார்க்காமல் எனக்குக் காலைக் காபி இறங்குவதில்லை. அதனால் சொந்தக்காரர்கள், அலுவலக நண்பர்கள், வாட்ஸ்அப் குழு எல்லாரும் என்னிடமே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக் கை வலித்துவிட்டது. 2025 டிசம்பர் வரை நடந்ததை வைத்து மொத்தமாக இங்கே எழுதிவிட்டேன். நடுநிலை வேஷமெல்லாம் கிடையாது, படையெடுத்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஆயுதம் கொடுத்தவர்களையும் விட்டுவைக்கவில்லை.

ஆயுதம் கொடுப்பதை நிறுத்தினால் போர் தானாக நின்றுவிடாதா?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை ஏற்கெனவே இரண்டு முறை செய்து பார்த்தாயிற்று. 2023 கடைசியில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் குடியரசுக் கட்சிக்காரர்கள் அடுத்த உதவித் தொகுப்பை முடக்கினார்கள். சுமார் ஆறு மாதம் இழுத்து, 6,100 கோடி டாலர் தொகுப்பில் பைடன் கையெழுத்திட்டது 2024 ஏப்ரல் 24 அன்று. இடையில் உக்ரைன் பீரங்கிகள் குண்டை எண்ணி எண்ணிச் சுட்டன, பிப்ரவரியில் அவ்தீவ்கா நகரம் ரஷ்யாவிடம் விழுந்தது. போர் நின்றதா? அந்த ஜூனில் புதின் வைத்த நிபந்தனை இது: டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க், சபோரிஜியா, கெர்சோன் ஆகிய நான்கு மாகாணங்களையும், ரஷ்யப் படை இன்னும் கால் வைக்காத பகுதிகள் உட்பட, உக்ரைன் காலி செய்ய வேண்டும், நேட்டோ என்ற மேற்கத்திய ராணுவக் கூட்டணியில் சேருவதை மறந்துவிட வேண்டும், அப்புறம் பேசலாம்.

இரண்டாம் முறை 2025 மார்ச். வெள்ளை மாளிகையில் கேமராக்களுக்கு முன்னால் டிரம்பும் துணை அதிபர் வான்ஸும் உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கியைப் பிடித்து விளாசிய சில நாட்களில், அமெரிக்கா ஆயுதத்தோடு சேர்த்து உளவுத் தகவலையும் நிறுத்தியது. சுமார் ஒரு வாரம்தான். தன் கூர்ஸ்க் மாகாணத்தில் உக்ரைன் பிடித்து வைத்திருந்த சுஜா நகரை ரஷ்யா மீட்டது அந்த நாட்களை ஒட்டித்தான். இறங்கி வந்ததும் உக்ரைன்தான்: மார்ச் 11 அன்று ஜெட்டாவில் 30 நாள் போர்நிறுத்தத்துக்குச் சம்மதித்தது. ரஷ்யா சம்மதிக்கவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆயுதம் தாராளமாக வந்த மாதங்களிலும் ரஷ்யா தன் கோரிக்கைகளைக் குறைத்துக்கொள்ளவில்லை. எந்த நிபந்தனையில் பேச்சு நடக்கும் என்பதை ஆயுதம் மாற்றியிருக்கிறது, பேச்சை முடித்துவைக்கவில்லை.

அப்படி என்னதான் கொடுத்தார்கள்?

வரிசையைப் பார்த்தாலே கதை புரியும். 2022 ஜனவரியில் எல்லையில் லட்சத்துக்கும் மேல் ரஷ்யச் சிப்பாய்கள் நின்றபோது ஜெர்மனி அறிவித்த உதவி 5,000 தலைக்கவசம். பிரிட்டன் தோளில் வைத்துச் சுடும் டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகளை விமானம் விமானமாக இறக்கியது. அதே வகையைச் சேர்ந்த அமெரிக்காவின் ஜாவ்லின் 2018லேயே கொஞ்சம் வந்திருந்தது. தலைநகர் கீவை நோக்கி வந்த டாங்கி வரிசைகளைச் சிதறடித்ததில் இவற்றுக்குப் பங்கு உண்டு, ஆனால் பழைய சோவியத் பீரங்கிகளுக்கும் அதே அளவு பங்கு உண்டு. மேற்கத்திய ஏவுகணைகள்தான் கீவைக் காப்பாற்றின என்பது பாதிக் கதை.

2022 ஜூனில் ஹைமார்ஸ் வந்தது. சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இலக்கைக் குறி தவறாமல் அடிக்கும் ராக்கெட். ரஷ்யா பீரங்கிக் குண்டுகளை மலைபோலக் குவித்து வைத்திருந்த கிடங்குகள் ஒவ்வொன்றாக வெடித்தன, கெர்சோனுக்குப் போகும் பாலம் ஓட்டையானது. செப்டம்பரில் கார்கிவ் மாகாணத்தின் பெரும்பகுதியும், நவம்பர் 11 அன்று கெர்சோன் நகரமும் திரும்பக் கிடைத்தன. என் கணக்கில் இந்த முழுப் போரிலும் ஆயுத உதவி தன் வேலையைச் சுத்தமாகச் செய்த காலம் அதுதான்.

அடுத்து நடந்ததுதான் வயிற்றெரிச்சல். ரஷ்யப் படை ஆள் இல்லாமல், வரிசை கலைந்து கிடந்த அந்த இலையுதிர்காலத்தில் உக்ரைன் டாங்கி கேட்டது. லெப்பர்டும் ஆப்ராம்ஸும் தருவதாக ஜெர்மனியும் அமெரிக்காவும் சம்மதித்தது 2023 ஜனவரியில், தாக்குதல் தொடங்கியது ஜூனில். அதற்குள் சபோரிஜியாவில் ரஷ்யா கிலோமீட்டர் கணக்கில் அகழி வெட்டி, கான்கிரீட் தடுப்பு நட்டு, கண்ணிவெடியை விதை தூவுவதுபோலத் தூவி வைத்துவிட்டது. மேலே போர்விமானப் பாதுகாப்பும் இல்லை. ரொபோதினே என்ற சின்னக் கிராமத்தோடு அந்தத் தாக்குதல் மூச்சுத் திணறி நின்றது. எஃப்-16 விமானங்கள் வந்து சேர்ந்ததை ஜெலென்ஸ்கி அறிவித்தது 2024 ஆகஸ்டில். கேட்டதில் பெரும்பகுதி கடைசியில் கிடைத்தது, எதுவுமே கேட்ட நேரத்தில் கிடைக்கவில்லை.

ஏன் இந்த இழுத்தடிப்பு?

அணுகுண்டு பயம். இதைக் கோழைத்தனம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம், நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் 2022 இலையுதிர்காலத்தில் ரஷ்யா சிறிய அணுகுண்டைப் பயன்படுத்தும் ஆபத்து நிஜமாகவே இருந்தது என்று அப்போதைய சிஐஏ தலைவர் பர்ன்ஸ் பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னார். முடிவெடுக்கும் நாற்காலியில் இருப்பவருக்கு அந்தப் பயம் இருப்பதில் தப்பில்லை.

அதே சமயம் வரலாறும் இருக்கிறது. வியட்நாமில் அமெரிக்க விமானங்களைச் சுட்டு வீழ்த்திய ஏவுகணைகள் சோவியத் கொடுத்தவை. 1986 முதல் ஆப்கானிஸ்தானில் சோவியத் ஹெலிகாப்டர்களை வீழ்த்திய ஸ்டிங்கர் அமெரிக்கா கொடுத்தது. இரண்டிலும் வல்லரசுகள் நேருக்கு நேர் மோதிக்கொள்ளவில்லை. உக்ரைனிலும் டாங்கி கொடுத்தால் உலகப்போர், விமானம் கொடுத்தால் உலகப்போர் என்று ஒவ்வொரு படியிலும் மிரட்டல் வந்தது, கொடுத்த பிறகு ஒன்றும் ஆகவில்லை. 2024 நவம்பரில் அமெரிக்காவின் அட்டாக்கம்ஸ் ஏவுகணையை ரஷ்ய மண்ணுக்குள் அடிக்க அனுமதி கிடைத்ததும் புதின் ஒரெஷ்னிக் என்ற புது ஏவுகணையை நிப்ரோ நகரத்தின் மீது ஏவிக் காட்டினார், அவ்வளவுதான்.

இன்னொரு நாட்டுப் போருக்கு ஆயுதம் கொடுப்பது சட்டப்படி சரியா?

சரி. தாக்கப்பட்ட நாடு தன்னைக் காத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் அதற்கு உதவலாம் என்கிறது ஐ.நா. சாசனத்தின் 51ஆவது பிரிவு. 2022 மார்ச் 2 அன்று பொதுச்சபையில் படையெடுப்பைக் கண்டித்து 141 நாடுகள் வாக்களித்தன, 5 எதிர்த்தன, இந்தியா உட்பட 35 ஒதுங்கின. வேடிக்கை என்னவென்றால், மூன்று வருஷம் கழித்து 2025 பிப்ரவரியில் இதே மாதிரி ஒரு தீர்மானம் வந்தபோது அமெரிக்காவே ரஷ்யாவோடு சேர்ந்து எதிர்த்து வாக்களித்தது.

அமெரிக்கா மூட்டை மூட்டையாகப் பணம் கொடுத்ததாமே?

மூட்டை உண்டு, ஆனால் பெரும்பகுதி அமெரிக்காவுக்குள்ளேயே அவிழ்ந்தது. ஆயுத உதவியில் பெரிய பங்கு தன் கிடங்கில் இருந்த சரக்கை எடுத்து அனுப்பியது. பிறகு அந்தப் பணத்தை வைத்துத் தன் நாட்டுத் தொழிற்சாலைகளில் புதிதாகச் செய்து கிடங்கை நிரப்பிக்கொண்டார்கள். இரண்டாம் உலகப்போர் காலத்துக் கடன்-குத்தகைச் சட்டத்தை உக்ரைனுக்காகப் புதுப்பித்து 2022 மே 9 அன்று பைடன் ஆரவாரமாகக் கையெழுத்திட்டாரே, அதன் கீழ் ஒரு துப்பாக்கிகூடப் போகவில்லை, 2023 செப்டம்பரில் காலாவதியானது.

மொத்த உதவியில் ஐரோப்பா இப்போது அமெரிக்காவைத் தாண்டிவிட்டது. டிரம்ப் வந்த பிறகு முறையே மாறிவிட்டது: 2025 ஜூலை முதல் நேட்டோ வழியாக ஐரோப்பிய நாடுகள் காசு கொடுக்கின்றன, அமெரிக்கா ஆயுதம் விற்கிறது. அமெரிக்காவுக்கு இது இப்போது வியாபாரம்.

ஊழல்? கொடுத்த ஆயுதம் கள்ளச்சந்தைக்குப் போகிறதா?

ஊழல் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. 1 லட்சம் மார்ட்டர் குண்டுகளுக்குச் சுமார் 4 கோடி டாலர் கொடுத்து ஒன்றுமே வராத மோசடியை 2024 ஜனவரியில் உக்ரைனின் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைப்பான எஸ்.பி.யூ.வே வெளியிட்டது. 2025 நவம்பரில் அணுமின் நிறுவனமான எனர்கோஆட்டம் ஒப்பந்தங்களில் கமிஷன் அடித்த விவகாரம் வெடித்து, அமைச்சர்கள் பதவி இழந்து, ஜெலென்ஸ்கியின் வலதுகையாக இருந்த எர்மாக்கும் விலகினார். குளிர்காலத்தில் ஜனங்கள் கரண்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது மின்துறைப் பணத்திலேயே கை வைத்தார்கள் என்பதுதான் அங்கே எல்லாரையும் கொதிக்க வைத்தது. ஆனால் பிடித்தது யார் என்று பாருங்கள்: அந்நாட்டு ஊழல் ஒழிப்பு அமைப்பு, அதுவும் போர் நடக்கும்போது. அதே ஆண்டு ஜூலையில் அந்த அமைப்பின் அதிகாரத்தைக் குறைக்கச் சட்டம் கொண்டுவந்து, மக்கள் தெருவில் இறங்கியதும் அரசு பின்வாங்கியது.

ஆயுதம் என்று எடுத்துக்கொண்டால், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தணிக்கை 2024 ஜனவரியில் 100 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள ஆயுதங்களின் கணக்கு ஒழுங்காகப் பதியப்படவில்லை என்றது. அதைத்தான் "ஆயுதம் திருட்டு" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். பதிவேடு சரியில்லை என்று தணிக்கையாளர் எழுதினார், திருடப்பட்டது என்று எழுதவில்லை.

இப்போது போர்முனையில் எது தீர்மானிக்கிறது?

டாங்கி காலம் போய்விட்டது. வீரர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டும், சில நூறு டாலர் விலையுள்ள ட்ரோன்தான் இப்போது அதிகம் கொல்கிறது. இதை உக்ரைன் தன் நாட்டிலேயே வருஷத்துக்கு 10 லட்சத்துக்கும் மேல் செய்கிறது. ட்ரோனை ஓட்டும் ரேடியோ அலையைக் குழப்பும் கருவிகள் வந்ததும் மீன்பிடி நரம்பு போல மெல்லிய கண்ணாடி இழையை இழுத்துக்கொண்டே பறக்கும் ட்ரோன் வந்தது, வயல்வெளி முழுக்கச் சிலந்தி வலை மாதிரி இழை கிடக்கிறது. முனையிலிருந்து 15, 20 கிலோமீட்டர் வரை வண்டி ஓட்டினாலே அடி விழும்.

ஆனால் ட்ரோனால் செய்ய முடியாதவை உண்டு. வானத்திலிருந்து செங்குத்தாக விழும் பாலிஸ்டிக் ஏவுகணையைத் தடுக்கப் பேட்ரியாட் என்ற அமெரிக்க வான்பாதுகாப்பு அமைப்பு தேவை, அதன் புதிய ரக ஏவுகணை ஒன்று சுமார் 40 லட்சம் டாலர், அதுவும் உலகத்துக்கே போதாத அளவுக்குத்தான் தயாராகிறது. பீரங்கிக் குண்டு இன்னொன்று. உக்ரைனிடம் இருந்த சோவியத் பீரங்கிகள் 152 மில்லிமீட்டர், நேட்டோ குண்டு 155. மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காகப் பீரங்கியையே மாற்ற வேண்டியிருந்தது. 2024 மார்ச்சுக்குள் 10 லட்சம் குண்டு தருகிறோம் என்று வாக்குக் கொடுத்த ஐரோப்பிய ஒன்றியம் அந்தத் தேதிக்குள் பாதியளவுதான் கொடுத்தது, அதே நேரத்தில் வடகொரியா ரயில் பெட்டி பெட்டியாக ரஷ்யாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அப்புறம் ஆள். படையில் சேர்க்கும் வயதை 27லிருந்து 25 ஆக உக்ரைன் குறைத்தது 2024 ஏப்ரலில்தான், இன்னும் அகழிகளில் நாற்பது வயதுக்காரர்கள்தான் அதிகம். எந்த நாடும் இதை அனுப்பிவைக்க முடியாது.

எனக்குப் பிடித்த யோசனை டென்மார்க் செய்தது: தன் கிடங்கைத் துழாவாமல், உக்ரைன் தொழிற்சாலைக்கே பணம் கொடுத்து அங்கேயே பீரங்கி செய்யச் சொன்னது.

2022லேயே சமாதானம் ஆகியிருக்குமாம், அப்போதைய பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் வந்து கெடுத்துவிட்டாராமே?

அதிகம் வரும் கேள்வி இதுதான், எனவே பொறுமையாகச் சொல்கிறேன். 2022 மார்ச் கடைசியில் இஸ்தான்புல்லில் ஒரு வரைவு நிஜமாகவே இருந்தது. உக்ரைன் நேட்டோவில் சேராது, நடுநிலை நாடாக இருக்கும், 2014இல் ரஷ்யா பிடித்துக்கொண்ட கிரைமியாவைப் பற்றி 15 வருஷம் பேசித் தீர்ப்பது, பதிலுக்கு வல்லரசுகள் பாதுகாப்பு உத்தரவாதம் தருவது. கேட்க நன்றாக இருக்கிறதா? இரண்டு இடத்தில் முட்டியது. உக்ரைன் படையில் 85,000 பேருக்கு மேல் கூடாது என்றது ரஷ்யா, இரண்டரை லட்சம் வேண்டும் என்றது உக்ரைன். அதைவிடப் பெரியது உத்தரவாதம்: உக்ரைன் தாக்கப்பட்டால் உத்தரவாதம் கொடுத்த நாடுகள் எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் உதவிக்கு வரலாம் என்று ரஷ்யா திருத்தியது, அந்தப் பட்டியலில் ரஷ்யாவும் ஒரு நாடு. திருடன் வந்தால் போலீஸைக் கூப்பிடலாம், ஆனால் மனுவில் திருடனும் கையெழுத்துப் போட வேண்டும் என்கிற கதை.

இதற்கிடையே ரஷ்யப் படை விலகிய, கீவ் அருகே உள்ள புச்சாவில் தெருவெங்கும் சாதாரண மக்களின் பிணங்கள் கிடந்தது ஏப்ரல் தொடக்கத்தில் தெரியவந்தது. ஜான்சன் கீவுக்கு வந்தது ஏப்ரல் 9. கையெழுத்துப் போடாதீர்கள் என்று அவர் சொன்னதாக உக்ரைன் தரப்பில் பேச்சு நடத்திய அராகாமியாவே 2023இல் சொன்னார், உண்மை. அதே பேட்டியில், ரஷ்யா சொல்லைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை எங்களுக்கு இல்லை என்றும் சொன்னார். அந்தப் பாதியை யாரும் முன்னனுப்புவதில்லை.

நேட்டோ விரிந்ததால்தானே இவ்வளவும்?

2008இல் புக்கரெஸ்ட் மாநாட்டில் உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் உறுப்பினர் ஆகும் என்று அறிவித்துவிட்டு, எப்போது என்று தேதி சொல்லாமல் விட்டது நேட்டோ செய்த படுமுட்டாள்தனம். ரஷ்யாவுக்குக் கோபம் வந்தது, அந்த இரண்டு நாடுகளுக்கும் பாதுகாப்பு வரவில்லை. அதே ஆகஸ்டில் ஜார்ஜியாவுக்குள் ரஷ்யப் படை நுழைந்தது. ஆனால் நேட்டோதான் முழுக் காரணம் என்றால், 2023 ஏப்ரலில் பின்லாந்து சேர்ந்து ரஷ்யாவோடு 1,300 கிலோமீட்டருக்கு மேல் புது நேட்டோ எல்லை உருவானபோது ரஷ்யா ஏன் அந்தப் பக்கத்துப் படைகளை எடுத்து உக்ரைனுக்கு அனுப்பியது?

கொஞ்சம் நிலத்தை விட்டுக்கொடுத்து முடித்துக்கொள்ளலாமே?

இப்போது ரஷ்யாவின் கையில் இருப்பது உக்ரைனின் ஐந்தில் ஒரு பங்கு. அதைச் சண்டை போட்டு மீட்க இப்போதைக்கு வழியில்லை என்று உக்ரைன்காரர்களே பலர் ஒத்துக்கொள்கிறார்கள். இருக்கும் கோட்டில் நிறுத்துவோம் என்று ஜெலென்ஸ்கியும் சொல்கிறார். சிக்கல் என்னவென்றால், ரஷ்யா கேட்பது பிடித்ததை மட்டுமல்ல, டொனெட்ஸ்கில் பிடிக்காமல் மிச்சம் இருப்பதையும். ஸ்லோவியான்ஸ்க், கிரமடோர்ஸ்க் நகரங்கள் அங்கேதான் இருக்கின்றன, 2014 முதல் பார்த்துப் பார்த்துக் கட்டிய கோட்டை வரிசை. அதைத் தாண்டினால் மேற்கே வெட்டவெளி. சண்டை போட்டு எடுக்க வருஷங்கள் ஆகும் இடத்தைக் கையெழுத்தில் எழுதிக் கொடு என்கிறார்கள்.

சட்டச் சிக்கலும் உண்டு. எல்லையை மாற்ற நாடு தழுவிய பொது வாக்கெடுப்பு வேண்டும் என்கிறது உக்ரைன் அரசியலமைப்பு. ரஷ்யாவோ நான்கு மாகாணங்களையும் தன் அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்டு, நிலத்தை விட்டுக்கொடுப்பதையும் அதிலேயே தடை செய்து வைத்திருக்கிறது. அதனால் கொரியா மாதிரி, யாருடைய நிலம் என்று முடிவு செய்யாமலே துப்பாக்கியை மட்டும் கீழே வைப்பதுதான் நடக்கக்கூடியது. அங்கே 1951 ஜூலையில் பேச்சைத் தொடங்கி 1953 ஜூலையில் முடித்தார்கள், பேசிக்கொண்டே இரண்டு வருஷம் செத்தார்கள்.

அப்படியானால் உண்மையான முட்டுக்கட்டை எது?

நிலத்தைவிட, அடுத்த படையெடுப்பை எது தடுக்கும் என்பது. 1994இல் புடாபெஸ்டில் அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா மூன்றும் எல்லையை மதிப்போம் என்று கையெழுத்திட்டதை நம்பி, உலகிலேயே மூன்றாவது பெரிய அணு ஆயுதக் குவியலை உக்ரைன் விட்டுக்கொடுத்தது. 2014, 2015இல் மின்ஸ்கில் இரண்டு போர்நிறுத்த ஒப்பந்தம் போட்டது. காகிதத்தைக் காட்டி அவர்களிடம் பேசிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

2025 நவம்பரில் வெளியான அமெரிக்காவின் 28 அம்ச அமைதித் திட்டம் உக்ரைன் படையை 6 லட்சத்தோடு நிறுத்தச் சொன்னது, ஐரோப்பியர்கள் 8 லட்சம் என்று திருத்தினார்கள். பிரிட்டனும் பிரான்ஸும் போர்நிறுத்தத்துக்குப் பிறகு தங்கள் வீரர்களை அங்கே நிறுத்தத் தயார் என்கின்றன, நேட்டோ நாட்டு வீரன் ஒருவன்கூடக் கூடாது என்கிறது ரஷ்யா. என் அபிப்பிராயம், வெளிநாட்டுக் கையெழுத்தைவிட, போர் நின்ற பிறகும் நிற்காமல் ஆயுதம் செய்யும் பெரிய உக்ரைன் படைதான் நம்பத்தகுந்த உத்தரவாதம். அதனால்தான் போரை முடிப்பதும் ஆயுதம் கொடுப்பதும் எதிரெதிர் என்று என்னால் பார்க்க முடியவில்லை.

மேற்கத்திய நாடுகள் முடக்கிய ரஷ்யப் பணத்தை எடுத்துக் கொடுத்தால் என்ன?

சுமார் 30,000 கோடி டாலர், பெரும்பகுதி பெல்ஜியத்தில் யூரோகிளியர் நிறுவனத்தில். வழக்கு வந்தால் நாங்கள் மட்டும் மாட்டிக்கொள்வோம் என்று பெல்ஜியம் பிடிவாதம் பிடித்ததால், 2025 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தொடாமல், தானே கடன் வாங்கி 9,000 கோடி யூரோ தர முடிவு செய்தது. உக்ரைனின் இரண்டு வருஷத் தேவையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை இது சமாளிக்கும்.

நமக்கு இதில் என்ன?

2022இல் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியது ஞாபகம் இருக்கும், நாம் வாங்கியதில் பெரும்பங்கு உக்ரைனிலிருந்து வந்தது. இந்தியா தள்ளுபடி விலையில் ரஷ்யக் கச்சா எண்ணெய் வாங்கித் தள்ளியது, அதைக் காரணம் காட்டி 2025 ஆகஸ்டில் டிரம்ப் இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதம் ஆக்கினார், அடி விழுந்தது திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு. சீனா அதைவிட அதிகம் வாங்கியது, அதற்கு அப்போது இந்த அபராதம் விழவில்லை. மலிவு எண்ணெயின் லாபம் பெட்ரோல் பங்க்கில் உங்களுக்குத் தெரிந்ததா என்று நான் கேட்கப்போவதில்லை.

கடைசியில், எப்போது முடியும்?

தேதி சொல்பவரை நம்பாதீர்கள், பதவியேற்று 24 மணி நேரத்தில் முடிப்பேன் என்ற டிரம்பையும் பார்த்துவிட்டோம். 2025 ஆகஸ்ட் 15 அன்று அலாஸ்காவில் அவர் புதினுக்குச் சிவப்புக் கம்பளம் விரித்தும் ஒன்றும் ஆகவில்லை. நான் பார்ப்பது மூன்று விஷயம். ரஷ்யாவின் எண்ணெய் வருமானம்: அக்டோபரில் ரோஸ்நெஃப்ட், லுக்காயில் என்ற ரஷ்ய எண்ணெய் நிறுவனங்கள் மீது அமெரிக்கா தடை போட்டது, உக்ரைன் ட்ரோன்கள் சுத்திகரிப்பு ஆலைகளை அடிக்கின்றன. ரஷ்யாவின் ஆள் வரத்து: பெயரோடு உறுதி செய்யப்பட்ட ரஷ்யச் சாவுகளே 1 லட்சத்தைத் தாண்டிவிட்டன, ஆனாலும் பெரிய தொகை கொடுத்து ஆள் எடுக்க முடிகிறது. அந்தத் தொகையைக் கொடுக்க முடியாத நாள் வந்தால் பேச்சின் தொனி மாறும். மூன்றாவது, உக்ரைன் அகழிகளில் ஆள் எவ்வளவு காலம் தாங்குவார்கள். இதில் எது முதலில் ஒடியும் என்பதுதான் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பந்தயம்.

அந்தப் பெண் என்ன ஆனாள்?

பாதிப்பேர் இதைத்தான் கேட்கிறீர்கள். ஒரு வருஷம் ஆன்லைன் வகுப்பு, பிறகு ஜார்ஜியாவில் ஒரு கல்லூரிக்கு மாறிப் படித்து முடித்து, இப்போது இங்கே வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான தேர்வுக்குப் படிக்கிறாள். அந்த நாட்டின் ஐந்தில் ஒரு பங்கும் 2008லிருந்து ரஷ்யா பிடியில்தான் இருக்கிறது, தெரியுமா என்று கேட்டேன். "தெரியும் மாமா, ஹாஸ்டல் ஓனர் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்தான்" என்றாள்.